சுத்தியல்காரியின் மகனுக்கு வெட்டிய எழுத்துகள்

லண்டனில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகுதான் அந்த மனுசி.

ஏழாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. குரோய்டனில் அகதி விண்ணப்பம் கொடுக்கிற அந்தப் பெரிய கட்டடத்துக்கு முன்னால் குளிரில் வரிசையில் நின்றபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் என் பெயரும் 'பிளீஸ்' என்ற சொல்லும்தான். அந்த ஆள் இன்று பார்க்கிங் நகரத்தின் ஆற்றோரத் தொழிற்பேட்டையில் சொந்தமாகப் பெயர்ப்பலகைப் பட்டறை நடத்துகிறான். கிங்ஸ்பரித் தமிழ்க்கடை வாசலில் நீங்கள் முருங்கைக்காய் பொறுக்கும்போது தலைக்கு மேல் எரிகிற எழுத்து என்னுடையது. கோயில் வாசல் கதவில் தோகை விரித்து நிற்கிற இரும்பு மயில் என்னுடையது. கல்யாண மண்டபத்தின் ஆளுயரப் பொன் எழுத்துகளை நான்தான் ஏணியில் நின்று பூட்டினேன்; அன்று அடித்த காற்றில் வேறு எவனும் ஏணியில் கால் வைத்திருக்க மாட்டான். தங்கைமாரை அழைப்பித்துக் கல்யாணம் செய்து வைத்தேன். வீட்டின் பின்பக்கத்தை நானே இடித்து நானே பெருப்பித்தேன். கவுன்சில்காரர் வந்து அளந்து பார்த்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போனார். பட்டறை தொடங்கியபோது சொந்தக்காரர் நையாண்டியாகச் சிரித்தார்கள். கொரோனா வந்து ஊரையே பூட்டியது. என் பட்டறை பூட்டவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் செய்த பலகை எதுவானாலும் வலது கீழ் மூலையில் என் பட்டறையின் பெயர் சின்னதாக இருக்கும். ஒன்றே ஒன்றில் இல்லை. ஆற்றோர நடைபாதையில், புதிய அடுக்குமாடிகளின் வெள்ளைச் சுவரில், துரு நிறத்தில் ஓர் இரும்புத் தகடு இருக்கிறது. அதில் நான்கு எழுத்துகள் ஊடுருவ வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த வழியால் போகிறவர்களில் எவருக்கும் அவற்றை வாசிக்கத் தெரியாது. நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்தத் தகட்டுக்குரியவளின் பெயரை நான் எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்தபோது தன் பெயரைப் பிழையாகச் சொன்னவர்களை அவள் அடித்தாள். சரியாகச் சொன்னவர்களையும் சில நேரம் அடித்தாள். தொழிற்பேட்டையில் எங்கள் ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் சுத்தியல்காரி. அதுவே போதும்.

அவள் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பிறந்தவள், செரோக்கி என்ற இனத்தைச் சேர்ந்தவள். ஓர் ஆங்கிலேயனைக் கட்டி லண்டனுக்கு வந்து, அவன் விட்டுவிட்டுப் போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டாள். எனக்கு அடுத்த யூனிட்டில் இரும்புப் பட்டறை வைத்திருந்தாள். வீட்டுக் கேற்று, மாடிப்படிக் கம்பி, இப்படியான வேலைகள். என்னிலும் கட்டை. தோள் மட்டும் என்னிலும் அகலம். நரைத்த பின்னலை நெருப்புக்குப் பயந்து சட்டைக்குள் செருகியிருப்பாள். வலது கை விரல் கணுக்களில் தோல் ஒருபோதும் முழுதாக இருந்ததில்லை.

முதல் நாளே அடிதான். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, என்னோடு வேலை செய்கிறவன், பக்கத்து யூனிட்டுக்குச் சிவப்பிந்தியப் பெண்ணொருத்தி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று வாயில் கையைத் தட்டித் தட்டி ஊளையிட்டுக் காட்டினான். சினிமாவில் பார்த்த ஊளை. அவள் கையிலிருந்த குறட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். நடந்து வந்தாள். ஒரே அறை. மச்சானுடைய கட்டுப்பல் கழன்று தேத்தண்ணிக்குள் விழுந்தது. அடுத்த அறைக்கு அவள் கையை ஓங்கும்போது நான் நடுவே போனேன்.

அவள் பேசியது அமெரிக்க ஆங்கிலம். எனக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

"நான் இந்தியன் இல்லை, செரோக்கி. நீதான் இந்தியன்."

"நானும் இந்தியன் இல்லை. இலங்கைத் தமிழன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அவள் சிரித்தாள். சிரித்தபடியே மச்சானுக்கு அந்த இரண்டாவது அறையையும் கொடுத்துவிட்டுத்தான் போனாள். மச்சான் அன்று முதல் அவளைக் கண்டால், "அத்தான், உங்கடை சினேகிதி வாறா," என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்விடுவான்.

இப்படிப் பார்க்க அவள் சும்மா சண்டைக்காரி போலத்தான் தெரியும். அவள் எதற்கு அடிக்கிறாள் என்று விளங்க எனக்குக் கொஞ்ச காலம் எடுத்தது.

அவளுடைய பட்டறைக்கு ஒரு பெரிய இரும்புக் கதவு. தினமும் காலையில் அதில் சோக்கட்டியால் வரிசை வரிசையாக எழுதுவாள். பார்த்தால் ஆங்கிலம் போல இருக்கும், ஆனால் ஆங்கிலம் இல்லை. எழுத்து வெட்டிப் பிழைக்கிறவன் நான், பேசாமல் போக முடியுமா? கேட்டேன். 'W' போல இருப்பதைக் காட்டி 'ல' என்றாள். 'D' போல இருப்பது 'அ'. நாலாம் இலக்கம் போல இருப்பது இலக்கமே இல்லை, 'ஸே'. மொத்தம் எண்பத்தைந்து. எங்கள் உயிர்மெய் போல ஓர் எழுத்துக்கு ஒரு முழு ஓசை. ஆனால் 'க'வுக்குக் கொம்பு போட்டுக் 'கெ' ஆக்குகிற வேலை அங்கே இல்லை. ஒவ்வொன்றும் தனி உருவம். இது பெரிய வேலை என்று நான் சொன்னேன். நான் ஒருவனுடைய வேலையைப் பெரிது என்று சொல்வது அபூர்வம்.

ஒருநாள் இரும்பு இறக்க வந்த லொறிக்காரன் கையெழுத்து வாங்கும்வரை அந்தக் கதவில் சாய்ந்து நின்றான். முழங்கையால் ஒரு வரிசை அழிந்துபோனது. அவள் அவனைக் காதில் பிடித்துத் திருப்பி, அழிந்த இடத்தைக் காட்டி, அதே இடத்தில் அவன் நெற்றியை மோதினாள். கதவு கோயில் மணி போல அதிர்ந்தது. அவன் என்னைவிட ஒரு முழம் உயரம். பொலிசுக்குப் போவேன் என்று கத்திக்கொண்டு போனான், போகவில்லை. ஒரு கிழவி அடித்தாள் என்று எந்த ஆண் போய்ச் சொல்லுவான்?

அன்று நான் அவளிடம் கேட்டேன், எழுத்து அழிந்தால் திரும்ப எழுதலாமே, அதற்கு ஏன் மண்டையை உடைக்க வேண்டும் என்று. அவள் உலையில் கிடந்த கம்பியை எடுத்துப் பட்டடையில் வைத்தாள். அடித்துக்கொண்டே கதை சொன்னாள். அவள் எந்தக் கதையையும் சும்மா இருந்து சொன்னதில்லை.

அவளுடைய இனத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன். வெள்ளித் தட்டான். ஒரு கால் நொண்டி. வெள்ளைக்காரர்கள் கடதாசியைப் பார்த்துப் பேசுவதைக் கண்டுவிட்டு, தங்கள் பேச்சையும் அப்படிக் கடதாசியில் பிடித்து வைக்கலாம் என்று தொடங்கினான். ஒரு சொல்லுக்கு ஓர் உருவமாகக் கீறிக்கொண்டே போனான். வயல் காடாகிக் கிடந்தது. மனைவிக்குக் கோபம் வந்து, கீறியது எல்லாவற்றையும் அள்ளி நெருப்பில் போட்டாள். வருடக்கணக்கான வேலை. அவன் திரும்பவும் தொடங்கினான். இந்த முறை சொல்லை விட்டுவிட்டு ஓசையைப் பிடித்தான். ஊரார் சூனியக்காரன் என்றார்கள். சூனியத்துக்குத் தண்டனை சாவு. அவனை ஒரு பக்கம், அவன் மகளை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துச் சோதித்தார்கள். அவன் எழுதியதை அந்தச் சின்னப் பிள்ளை வாசித்தாள். அதோடு வாய்கள் மூடின. சில வருடங்களுக்குள் அந்த இனம் முழுக்க எழுதவும் வாசிக்கவும் தொடங்கிவிட்டது. சொந்த எழுத்தில் பத்திரிகைகூட அடித்தார்கள். பிறகு துவக்கோடு ஆட்கள் வந்தார்கள். அச்சு இயந்திரத்தைப் பறித்தார்கள். சனத்தைக் காணியிலிருந்து கிளப்பிக் குளிரில் நடத்திக்கொண்டு போனார்கள். வழி நெடுகப் பிணம்.

ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடி. சொல்லி முடியும்போது கம்பி ஊசி போல ஆகியிருந்தது. அந்த வேலைக்கு அது உதவாது. தூக்கி மூலையில் எறிந்தாள்.

எனக்கு அந்தத் தட்டானை மிகவும் பிடித்துவிட்டது. படிக்காதவன், கையால் செய்தவன், சுற்றியிருந்தவர்கள் சிரிக்கச் சிரிக்கச் செய்து முடித்தவன். நானும் அந்த வகைதான் என்று அவளிடம் சொன்னேன்.

"நீ அவனில்லை," என்றாள். "நீ கோழிக்கடைக்குப் போர்ட் வெட்டிறவன்."

மரியாதை இல்லாத மனுசி. ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள்.

அவளுடைய தகப்பனைச் சின்ன வயதில் விடுதிப் பள்ளிக்கூடமொன்றில் சேர்த்திருக்கிறார்கள். சொந்த மொழி பேசினால் அடிமட்டத்தின் விளிம்பால் விரல் கணுக்களில் அடிப்பார்களாம். கோணிப்போன விரல்களோடுதான் அந்த மனுசன் கடைசிவரை இருந்தார். தன் மகள் அந்த எழுத்துகளை மறக்கக்கூடாது என்று வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குத் தெரிந்த சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்றுதான். பிழைக்கு அடி. அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அடியோடு வந்ததால்தான் எண்பத்தைந்தும் எலும்பில் நிற்கிறது என்று சொன்னாள். நான் தலையாட்டினேன். எங்கள் வாத்திமாரும் அப்படித்தானே. ஆனால் எனக்கு அதில் ஒன்றும் நிற்கவில்லை.

அவளுக்கு ஒரு மகன் இருந்தான் என்பது ஒரு கோடை மதியம்தான் எனக்குத் தெரியவந்தது. அடுக்குமாடி நிர்வாகக் கம்பனிக்காரர் நடைபாதைச் சுவரோரம் கிடந்த வாடிய பூக்களை அள்ளிக் குப்பைப் பையில் போட்டிருக்கிறார்கள். அவள் அந்தப் பையைப் பறித்துக்கொண்டு வந்தாள். வாய் கிழிந்து இரத்தம் வழிந்தது. அடிபட்டதா, தானே கடித்ததா தெரியவில்லை. என் பட்டறைக்குள் வந்து பையைத் தரையில் கொட்டினாள். காய்ந்த பூக்களும் ஒரு மெழுகுதிரியும் ஒரு பெடியனின் படமும் விழுந்தன. மச்சான் முதல்முறையாகக் கழிப்பறைக்கு ஓடாமல் அவளுக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டான்.

அவள் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். மகனுக்கு அவள் அந்த எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தாள். தகப்பன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறையில். அவன் பெயரின் கடைசி எழுத்து ஓர் உருண்டை எழுத்து. அவன் அதை எப்போதும் சாய்த்தே எழுதுவான், விழப்போகிற பானை மாதிரி. ஒவ்வொரு சாய்வுக்கும் ஓர் அறை. பதினாறு வயதில் அவன் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினான். திரும்ப அடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனவன் வரவேயில்லை. இந்த ஆற்றோரத்தில்தான் சினேகிதர்களோடு எங்கோ ஓர் அறையில் இருந்தான். சில வருடங்களுக்குப் பிறகு ஒரு சைக்கிளுக்காக மூன்று பேர் அவனை அந்தச் சுவரோரம் கத்தியால் குத்தினார்கள். சைக்கிளும் அவனுடையது இல்லை, சினேகிதனுடையது.

உடலை அடையாளம் காட்டப் போனாள். துணியை விலக்கியபோது இடது கையின் உட்பக்கத்தில் பச்சை குத்தியிருந்ததாம். நான்கு எழுத்து. தன் பெயரைத்தான் குத்தி வைத்திருந்தான்.

"கடைசி எழுத்து சாய்ஞ்சு கிடந்தது," என்றாள். தரையில் கொட்டிய பூக்களைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

அவளுக்கு வேண்டியது இதுதான்: பூவென்றால் அள்ளிப் போடுவார்கள், அள்ள முடியாத ஒன்றை அந்தச் சுவரில் வைக்க வேண்டும். கனத்த இரும்பில், அந்த நான்கு எழுத்தும். கம்பனியிடம் கேட்டிருந்தாள், முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவளிடம் உலை இருந்தது, பட்டடை இருந்தது, கனத்த தகட்டை வெட்டுகிற பிளாஸ்மா இயந்திரம் இல்லை. அது என்னிடம் இருந்தது. தொழிற்பேட்டையிலேயே என்னிடம் மட்டும்தான். மேசையும் இயந்திரமும் நான் தர வேண்டும், வெட்டுவது தான் மட்டும், வேறு ஒருவரும் தொடக்கூடாது என்றாள். சரி என்றேன். தகடு நான் தேர்ந்தெடுத்தது. மெல்லிய தகடு வாங்கியிருந்தால் இந்நேரம் பொத்தல் விழுந்திருக்கும்.

எங்கள் பட்டறையில் எந்தத் தகடு மேசைக்கு ஏறினாலும் வேலை தொடங்குமுன் மேல் விளிம்பு நடுவில் பிள்ளையார் சுழி விழும். அதற்கென்று ஓர் உளியை நானே தேய்த்து வைத்திருக்கிறேன். வைத்து ஒரு தட்டு, 'உ' பதிந்துவிடும். கோழிக்கடைப் பலகைக்கும் உண்டு, பள்ளிவாசல் பலகைக்கும் உண்டு. சட்டத்துக்குள் மறைந்துவிடுவதால் ஒருவரும் கண்டதில்லை. அன்றும் கை தன்பாட்டில் உளியை எடுத்தது, தட்டியது. இந்தத் தகட்டுக்குச் சட்டம் இல்லை.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"இது என்ன?"

"பிள்ளையார் சுழி. தொடங்கிற வேலை தடங்கல் இல்லாமல் முடியவேணும் எண்டு போடுறது."

"என்ரை பிள்ளை முடியேல்லை. பாதியிலை நிண்டவன். அவன்ரை தலைக்கு மேலை ஆரின்ரை கடவுளும் ஏறி இருக்கக்கூடாது."

சொல்லும்போதே பெரிய சம்மட்டியை எடுத்துவிட்டாள். முதல் அடி தகட்டில். தகடு துள்ளி மேசையிலிருந்து சறுக்கி என் காதோரத்தைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. இரண்டாவது அடி மேசையில். மூன்றாவது எங்கே விழும் என்று நான் காத்திருக்கவில்லை. சம்மட்டிப் பிடியைப் பற்றினேன். அவள் பிடியை விட்டுவிட்டு முட்டியால் என் மூக்கில் குத்தினாள். எனக்குள் ஏதோ கறுப்பாக எழும்பியது. நானும் குத்தினேன். பெண்ணை அடித்தவன் என்று என்னைப் பேச வேண்டாம். அன்று அங்கே இருந்திருந்தால் உங்களுக்குத் தெரியும். பின்னலைப் பிடித்து இழுத்தேன். அவள் என் தோளைக் கடித்தாள். இரும்புத்தூள் கிடந்த தரையில் இரண்டு கிழடுகள் உருண்டோம். பெயின்ற் வாளி கவிழ்ந்தது. மச்சான், "ஐயோ அத்தானைக் கொல்லுறா" என்று தொலைபேசியில் யாருக்கோ சொல்வது கேட்டது.

பொலிஸ் வந்தது. இளம் பெண் பொலிஸ் ஒருத்தி. நாங்கள் எழுந்து இரண்டு மூலையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். முகமெல்லாம் இரத்தமும் சிவப்புப் பெயின்றும், எது எது என்று எங்களுக்கே தெரியாது. என்ன நடந்தது என்று அவள் என்னைக் கேட்டாள். தகடு விழுந்தது என்றேன். அந்த மனுசியைக் கேட்டாள். தகடு விழுந்தது என்றாள் அவளும். தகடா உங்கள் தோளைக் கடித்தது என்று பொலிஸ்காரி கேட்டாள். ஓம் என்றேன். பொலிஸ்காரி எழுதிக்கொண்டு போனாள்.

குழாயடியில் நின்று முகம் கழுவும்போது அந்த மனுசி என்னைப் பார்க்காமல் கேட்டாள், "உன்ரை ஆக்களிலை ஆர் செத்தது?"

"தம்பி."

"எங்கை கிடக்கிறான்?"

"தெரியாது. போர் முடியிற நேரம். இடம் தெரியாது."

அவள் துவாயை என் பக்கம் எறிந்தாள். பிறகு போய்க் கிரைண்டரை எடுத்து அந்தச் சுழியை அரைத்துத் தள்ளினாள். பொறி பறந்தது. நான் தடுக்கவில்லை.

வெட்டுவது அடுத்த கிழமை நடந்தது. அவனுடைய கையிலிருந்த பச்சையின் படத்தை வைத்துக்கொண்டு தகட்டில் அவளே சோக்கால் கீறினாள். உருண்டை எழுத்தை அப்படியே சுற்றி வெட்டினால் நடு கழன்று விழுந்துவிடும் என்று நான் சொன்னேன். எழுத்து வெட்டுகிற எங்களுக்கு அது பழக்கம்; நடுவைப் பிடித்து நிற்க இரண்டு சிறு பாலம் விட வேண்டும். எங்கே விடுவது என்று நான்தான் விரல் வைத்துக் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினாள். முதல் எழுத்தை ஒரே மூச்சில் வெட்டினாள். இரண்டாவது. மூன்றாவது. அப்படி ஒரு நிதானமான கையை நான் கண்டதில்லை. அடிக்கிற கையா இது என்று இருந்தது.

நான்காவது எழுத்துக்கு வந்தாள். தீமுனையைக் கோட்டில் வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள். இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது. முகமூடிக்குள் அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. கன நேரம் கழித்து இயந்திரத்தை நிறுத்தாமலே பிடியை என் பக்கம் நீட்டினாள்.

"எனக்கு ஏலாது. நீ வெட்டு."

"நிமித்தி வெட்டட்டோ, சாய்ச்சு வெட்டட்டோ?" என்று கேட்டேன். கேட்கத்தான் வேண்டும். சோக்கால் சாய்த்துத்தான் கீறியிருந்தாள். ஆனால் அந்தச் சாய்வுக்கு அவள் கொடுத்த அறைகள் எனக்குத் தெரியும்.

"அவன் எழுதின மாதிரி," என்றாள். வெளியே போய்விட்டாள்.

வெட்டினேன். முப்பது வருடமாக எழுத்து வெட்டுகிறேன், நேராக வெட்டுவது பழக்கம். கை தானாக நிமிர்த்தப் பார்க்கும். அதை அடக்கி, அந்தப் பெடியனின் சாய்வை அப்படியே, ஒரு நூல் கூடாமல் குறையாமல் கொண்டுவந்தேன். பாலம் இரண்டும் உரிய இடத்தில் நின்றன. மச்சான் பார்த்துவிட்டு, "அத்தான், இதுதான் நீங்கள் வெட்டினதிலை திறம்," என்றான். அவன் என்னைப் புகழ்கிற ஆள் இல்லை.

தகட்டைச் சுவரில் பூட்டியது பட்டப்பகலில். மஞ்சள் ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, நாலு கூம்பை நிறுத்திவிட்டு வேலை செய்தால் லண்டனில் ஒருவரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். இதுவும் என் யோசனை. சுவரைத் துளைத்து, முழ நீள ஆணி இறக்கி, தலையைப் பற்றவைத்து மூடினோம். நாயோடு வந்த ஒரு கிழவர் மட்டும் எப்போது முடியும் என்று கேட்டார். மதியத்துக்குள் என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கம்பனி சும்மா விடவில்லை. கொஞ்ச நாளில் கழற்றுவதற்கு ஆட்களோடு வந்தார்கள். பூ வைக்க வந்த நேரத்தில் அவள் அதைக் கண்டுவிட்டாள். நான் போய்ச் சேரும்போது கிரைண்டர் வைத்திருந்தவனின் கை மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொருவன் ஆற்றுச் சேற்றில் இடுப்பளவுக்கு நின்றான். அவள் தகட்டுக்கு முதுகைக் கொடுத்துச் சுத்தியலோடு நின்றாள். நெற்றி பிளந்து ஒரு கண் மூடியிருந்தது. மேலே மாடங்களில் சனம் நின்று படம் பிடித்தது. நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கையில் ஒன்றும் இருக்கவில்லை. எவனோ என் விலாவில் உதைத்தான். இரண்டு எலும்பு முறிந்தது பிறகுதான் தெரிந்தது. பொலிஸ் வரும்வரை அந்தத் தகட்டை ஒருவனும் தொடவில்லை.

வழக்கு நடந்தது. மணிக்கட்டு உடைந்தவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான் என்று நீதிபதி சொன்னபோது அவள் ஓம் என்று தலையாட்டினாள். தண்டனையை ஒத்தி வைத்தார்கள். ஆனால் மாடங்களில் நின்று பார்த்த சனம் தகடு இருக்கட்டும் என்று எழுந்துவிட்டது. கொலை நடந்த சுவரென்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது. பத்திரிகையில் வந்தது, பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்தார்கள், கம்பனி பேசாமல் இருந்துவிட்டது. அவள் அதற்குப் பிறகு ஒருவரையும் அடித்ததாக எனக்குத் தெரியாது. மச்சான் அதை நம்பமாட்டான். போன மாசியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். ஒக்லஹோமாவிலிருந்து உறவினர் வந்து சாம்பலைக் கொண்டுபோனார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கழற்ற வந்த அதே கம்பனி சென்ற மாதம் தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை அட்டை பூட்டியிருக்கிறது. என் மகளைக் கூட்டிக்கொண்டு போய் வாசித்துக் காட்டச் சொன்னேன். செரோக்கி இனத்துக் கலைஞர் ஒருவர் தன் மகனின் நினைவாகத் தனியொருவராக வடித்தது என்று போட்டிருக்கிறார்கள். அது கிடக்கட்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி: கடைசி எழுத்தின் சாய்வில், துயரத்தால் நடுங்கிய ஒரு தாயின் கையைக் காணலாம்.

அந்தக் கை நடுங்கவில்லை. தாயின் கையும் இல்லை. அந்தச் சாய்வு அவள் மகனுடையது. அதை இரும்பில் ஒரு நூல் பிசகாமல் இறக்கியவன் நான், பார்க்கிங் ஆற்றோரத்தில் பட்டறை வைத்திருக்கிறவன், ஏழாம் வகுப்புப் படித்தவன். முதல் மூன்று எழுத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்; அவை அவளுடையவை, அவள் வெட்டியதைப் போல நானே வெட்டியிருக்க மாட்டேன். ஆனால் கம்பனிக்காரரே, அந்த வரியைக் கழற்றுங்கள். கழற்றிவிட்டு, கடைசி எழுத்தை வெட்டியவர் என்று என் பெயரைப் போடுங்கள். அட்டையை நானே செய்து கொண்டுவந்து நானே பூட்டித் தருகிறேன்.